ஓசிப் பயணிகளா நம் பெண்கள்?

2022இல் ஓர் அமைச்சர், நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகும் பெண்களைப் பற்றிப் பேசும்போது 'ஓசி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தமிழ்நாடே கொதித்தது. கொதித்தது சரிதான். ஆனால் அதே சொல்லை, அதே பெண்களைப் பார்த்து, காப்பீட்டு நிறுவனங்கள் நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அதற்கு யாரும் கொதிப்பதில்லை. அவர்கள் அதை ஆங்கிலத்தில் சொல்வது ஒரு காரணம். கேட்பவர்கள் சேரிப் பெண்கள் என்பது இன்னொரு காரணம்.

சட்ட மொழியில் அதற்குப் பெயர் 'கிராச்சுவிட்டஸ் பேசஞ்சர்'. சரக்கு வண்டியில் வாடகை கொடுக்காமல் ஏறி வந்தவர் என்று பொருள். நேரடித் தமிழில் ஓசிப் பயணி. டிராக்டர் பெட்டியிலோ குட்டி யானையிலோ வேலைக்குப் போகும்போது வண்டி கவிழ்ந்து செத்துப்போன ஒரு கூலிப் பெண்ணின் குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், நிறுவனத்தின் எதிர்மனுவில் பெரும்பாலும் இந்த வாதம் இருக்கும்: இறந்தவர் ஓசிப் பயணி, சரக்கு வண்டியில் ஆள் ஏற்ற அனுமதி இல்லை, ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை.

யார் இந்த ஓசிப் பயணிகள்? விடியற்காலை ஐந்து மணிக்குக் காலனி முனையில் தூக்குச் சட்டியோடு நிற்பவர்கள். அந்த நேரத்துக்கு அங்கே பேருந்து வராது. வந்தாலும் அது களையெடுக்க வேண்டிய வயலுக்குப் போகாது. மேஸ்திரி அனுப்பும் வண்டி வரும். நெல் மூட்டையும் உரமும் ஏற்றும் அதே பெட்டியில் இருபது, இருபத்தைந்து பேர் நிற்பார்கள். வேலையைக் கொடுப்பவன் நிலக்காரன். வண்டியைப் பேசுபவன் மேஸ்திரி. வண்டி வாடகை பல இடங்களில் கூலியிலேயே கழிக்கப்படுகிறது. இதில் ஓசி எங்கே இருக்கிறது? உண்மையில் ஓசியில் கிடைப்பது நிலக்காரனுக்குத்தான்: ஆள் கொண்டுவரும் செலவையும், ஆள் செத்தால் வரும் பொறுப்பையும் வேறு யாரோ சுமக்கிறார்கள்.

2021 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சிக்கு அருகே, வயல் வேலைக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற சரக்கு வாகனம் ஓடையில் கவிழ்ந்து 5 பெண்கள் இறந்தார்கள். 2022 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கான்பூருக்கு அருகே கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டிராக்டரில் ஆட்களை ஏற்றாதீர்கள் என்று அரசு அறிவுரை சொன்னது. 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தில் காஸ்கஞ்சில் மறுபடியும் ஒரு டிரெய்லர், மறுபடியும் ஒரு குளம், மறுபடியும் இருபதுக்கும் மேல் பிணங்கள். வேறு வண்டி இல்லாதவர்களிடம் இந்த வண்டியில் ஏறாதே என்று சொல்வதன் பயன் அவ்வளவுதான்.

இப்படி ஒவ்வொரு முறையும் அரசு நிவாரணம் அறிவிக்கிறது. இரண்டு லட்சம், மூன்று லட்சம். அமைச்சர் வந்து காசோலை கொடுப்பார், புகைப்படம் வரும். இளம் தோழர்கள் பலர் இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் ஆள்பவர்களின் விருப்பம். இழப்பீடு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தரும் உரிமை. தொகையிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் சட்டம் எப்படி நம்மை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது என்று பார்ப்போம். பொதுச் சாலையில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது 146ஆவது பிரிவு. அந்தக் காப்பீடு யார் யாரைக் காக்க வேண்டும் என்று சொல்வது 147. 1994இல் வந்த திருத்தம், சரக்கு வண்டியில் பயணிக்கும் 'சரக்கின் உரிமையாளர் அல்லது அவரது அதிகாரம் பெற்ற பிரதிநிதி' என்பவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. மூட்டைக்குச் சொந்தக்காரன் உள்ளே வந்துவிட்டான். மூட்டை தூக்குபவளைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, 'எந்த நபரும்' என்று சட்டம் சொல்வதால் சரக்கு வண்டியில் வந்த எல்லோருக்கும் நிறுவனம் பொறுப்பு என்றது. மூன்றே ஆண்டுகள்தான். 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று தள்ளியது. 2004 ஜனவரியில் இன்னொரு மூன்று நீதிபதிகள் அமர்வு, 1994 திருத்தத்துக்குப் பிறகும் ஓசிப் பயணிக்குக் காப்பீடு இல்லை என்று உறுதி செய்தது. 2019 திருத்தம் வந்தபோது நாடாளுமன்றம் இந்த ஓட்டையை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. 'சரக்கு வாகனத்தின் கட்டணமில்லாப் பயணிகள் நீங்கலாக' என்ற பொருளில் ஒரு சொற்றொடரை 147க்குள்ளேயே எழுதி வைத்துவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அதுதான் சட்டம்.

சரி, காசு கொடுத்துத்தான் ஏறினோம் என்று சொன்னால்? சரக்கு வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றியது அனுமதி விதிக்கு மாறானது என்று நிறுவனம் அடுத்த வாதத்தை எடுக்கும். கொடுக்காவிட்டால் ஓசி, கொடுத்தால் விதிமீறல். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் மாதிரி. மூட்டையோடு போன சிறு விவசாயிக்கும் முழு நிம்மதி கிடையாது. சரக்கின் உரிமையாளர் ஓட்டுநர் அறையில் உட்கார்ந்து வந்திருந்தால்தான் பாதுகாப்பு என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூட்டை மேல் உட்கார்ந்து போவதுதான் நம் ஊர் வழக்கம் என்பதை அந்த நீதிபதிகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

டிராக்டர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. சட்டப்படி டிராக்டர் தன் மேல் சுமை ஏற்றச் செய்யப்பட்ட வண்டி அல்ல. அதில் பெரும்பாலும் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை. சக்கரத்தின் மட்கார்டில் உட்கார்ந்து போகிறவருக்குக் காப்பீடு கிடைப்பது கடினம். பின்னால் மாட்டும் டிரெய்லரோ தனி மோட்டார் வாகனம். எஞ்சின் இல்லாவிட்டாலும் சட்டத்தின் 2(28)ஆவது பிரிவு அதையும் மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. அதற்குத் தனிப் பதிவு எண் வேண்டும், காப்பீடும் வேண்டும். கிராமத்தில் எத்தனை டிரெய்லர்களில் பதிவு எண் பார்த்திருக்கிறோம்? டிராக்டருக்கு 'விவசாயப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று குறைந்த பிரீமியத்தில் பாலிசி எடுத்துவிட்டு, செங்கலும் மணலும் ஆளும் ஏற்றுவதுதான் நடைமுறை.

இதே நிலைமையில் 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. செங்கல் சூளைக்கு மண் எடுக்கும் வேலையில் இருந்த தொழிலாளி. டிராக்டர் விவசாயத்துக்கென்று காப்பீடு செய்யப்பட்டது, டிரெய்லருக்குக் காப்பீடே இல்லை. நிறுவனத்துக்குச் சட்டப்படி பொறுப்பில்லை என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனாலும் ஏழைத் தொழிலாளி என்பதால் அரசமைப்பின் 142ஆவது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டது. வழக்கறிஞர்கள் இதை 'பே அண்ட் ரிகவர்' என்பார்கள். 2004 தீர்ப்பிலும் இதே வழிதான். 2017இல் ஓசிப் பயணிகள் என்று சொல்லப்பட்டவர்களின் வழக்கொன்றிலும் உச்ச நீதிமன்றம் இதே ஆணையைத் தந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது நீதிமன்றத்தின் கருணையில் தொங்குகிறது. 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய அதிகாரம். கீழே உள்ள தீர்ப்பாயம் 'பே அண்ட் ரிகவர்' கொடுத்தால், அதை எதிர்த்து நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகலாம். அங்கே சில ஆண்டுகள் போகும்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று நாளில் திறக்கிற அல்லது மூடுகிற வழி அது.

விபத்து நடந்த இரவில் மருத்துவமனை வாசலில் நடப்பது என்ன என்று நமக்குத் தெரியும். குடும்பம் அழுதுகொண்டிருக்கும். காவல் நிலையத்தில் புகார் எழுதித் தருபவர் பெரும்பாலும் மேஸ்திரியின் ஆளோ ஊர்க்காரர் ஒருவரோதான். 'வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவ்வழியாக வந்த வண்டியில் ஏறி வந்தார்கள்' என்று ஒரு வரி போகும். கேட்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! அந்த ஒரு வரியில் நிலக்காரன் காணாமல் போகிறான், மேஸ்திரி காணாமல் போகிறான், நம் அம்மா ஓசிப் பயணி ஆகிறாள். ஐந்து ஆண்டு கழித்து நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த வரியைத்தான் அடிக்கோடிட்டு வாசிப்பார். ஆகவே அந்த இரவில் நாம் அங்கே இருக்க வேண்டும். யாருடைய நிலத்துக்கு, யார் கூப்பிட்டு, யார் பேசிய வண்டியில், என்ன கூலிக்குப் போனார்கள் என்பது முதல் தகவல் அறிக்கையில் வர வேண்டும். பிரேத விசாரணை அறிக்கையில் இறந்தவரின் தொழில் 'இல்லத்தரசி' என்று எழுதப்படாமல் 'விவசாயக் கூலித் தொழிலாளி' என்று எழுதப்பட வேண்டும். டிராக்டர் எண்ணோடு டிரெய்லர் எண்ணும், எண் இல்லாவிட்டால் எண் இல்லை என்பதும் பதிவாக வேண்டும். பொய் எதுவும் வேண்டியதில்லை. சில தரகர்கள், 'மூட்டைக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிவிடலாம்' என்று கதை கட்டச் சொல்வார்கள். குறுக்கு விசாரணையில் அது பத்து நிமிடம் தாங்காது, உண்மையான வழக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். நமக்கு உண்மையே போதும். உண்மை முழுதாகப் பதிவாவதுதான் நடப்பதில்லை.

ஏன் நிலக்காரன் பெயர் அவ்வளவு முக்கியம்? வண்டிக் காப்பீட்டின் கதவு சாத்தப்பட்டாலும் வேலை கொடுத்தவரின் பொறுப்பு என்ற கதவு இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அதைத்தான் சொன்னது. இப்போது அது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில், வேலையிலிருந்து திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையின்போது நடந்த விபத்தாகவே கருதப்படலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்டியோடு சேர்ந்த சுமைத் தொழிலாளி என்றால் இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. பாலிசி நகலைக் கையில் வாங்கி 'ஐ.எம்.டி. 39' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்காக உரிமையாளர் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் அந்த வரி இருக்கும். 'ஐ.எம்.டி. 37' என்று இருந்தால், அது கட்டணம் செலுத்தாத பயணிகளுக்கான கூடுதல் பாதுகாப்பு. அதாவது, சட்டம் விலக்கி வைத்தவரையும் சிறு தொகை கட்டி உள்ளே கொண்டுவர ஏற்பாடு இருக்கிறது. பாலிசி விற்கும் முகவர் இதை வண்டிக்காரரிடம் சொல்வதில்லை. வண்டிக்காரர் கேட்பதும் இல்லை.

இன்னொன்று அடிக்கடி தவறவிடப்படுகிறது. எதிரே வந்த லாரியோ பேருந்தோ மோதியிருந்தால், அந்த வண்டியைப் பொறுத்தவரை டிரெய்லரில் இருந்தவர்கள் மூன்றாம் நபர்கள். அங்கே ஓசிப் பயணி வாதம் எடுபடாது. இரண்டு வண்டிகள் மீதும் தவறு இருந்தால், முழு இழப்பீட்டையும் இரண்டில் ஒருவரிடமே கேட்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனவே மோதிய வண்டியின் எண்ணை விட்டுவிடக் கூடாது.

கணக்குக்கு வருவோம். கணக்கு தெரியாததால்தான் நம்மை ஐம்பதாயிரத்துக்குக் கையெழுத்துப் போடவைக்கிறார்கள். 32 வயதுப் பெண், கணவர், இரண்டு பிள்ளைகள், அவளை நம்பியிருக்கும் மாமியார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 9,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றால் ஆண்டுக்கு 1,08,000. நாற்பது வயதுக்குக் கீழ் உள்ள, நிரந்தர வேலை இல்லாதவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017 அரசமைப்பு அமர்வின் தீர்ப்பு. 1,51,200 ஆகிறது. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவரது சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,13,400. அந்த வயதுக்குப் பெருக்கு எண் 16. மொத்தம் 18,14,400 ரூபாய். குடும்ப உறவின் இழப்பு, இறுதிச் சடங்கு ஆகியவற்றுக்கான தொகை தனி. இதே கணக்கில் மாத வருமானம் 6,000 என்று எழுதப்பட்டால் 12,09,600. இடைவெளி ஆறு லட்சம். 'இல்லத்தரசி, வருமானம் இல்லை' என்ற ஒரு காவலரின் கையெழுத்தின் விலை இது. கூலிக்கு ரசீது கிடையாதே என்றால், நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2025-26இல் நாளொன்றுக்கு 336 ரூபாய் என்று ஒன்றிய அரசே நிர்ணயித்திருக்கிறது. அதை அடித்தளமாகக் காட்டலாம். வேலை அட்டை, நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கில் வந்த கூலி எல்லாம் சான்று.

நேரம் முக்கியம். 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று திருத்தப்பட்ட 166ஆவது பிரிவு சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி உட்கார வேண்டாம். விபத்து எங்கே நடந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சதவீதக் கணக்கில் பங்கு கேட்கும் தரகர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நாம் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

இனி கசப்பான பகுதி. நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று தீர்ப்பு வரும்போது நாம் கைதட்டிவிடுகிறோம். அந்த உரிமையாளர் யார்? ஐம்பது ஏக்கர்காரரின் டிராக்டர் என்றால் கவலையில்லை. ஆனால் குட்டி யானை பல இடங்களில் நம் காலனிப் பையனுடையது. தாட்கோ கடனில் வாங்கியது. தவணை கட்ட வேண்டுமே என்று காலையில் ஆள் ஏற்றி, பகலில் காய்கறி ஏற்றி ஓட்டுகிறான். வண்டி கவிழ்ந்தால் செத்தவர்களில் அவன் அத்தையும் இருப்பாள். அவன் மேல் குற்ற வழக்கு, அதன் மேல் பதினெட்டு லட்சம் வசூல் ஆணை. ஐந்து பேர் இறந்தால் ஐந்து ஆணைகள். வண்டியை வாடகைக்கு அமர்த்திய நிலக்காரன் சாட்சியாகக்கூட வர மாட்டான். சேரியில் செத்தவர்களுக்கான பணத்தைச் சேரியில் பிழைத்தவனிடம் வசூலிக்கும் ஏற்பாடு இது. இதைச் சொல்லாமல் 'பே அண்ட் ரிகவர்' என்பதை வெற்றி என்று கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. அதற்காகக் குடும்பங்கள் வழக்குப் போடாமல் இருக்க முடியாது, போடத்தான் வேண்டும். ஆனால் போடும்போது வேலை கொடுத்தவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். 'அவரைச் சேர்த்தால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்' என்று குடும்பமே தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு வழக்கறிஞரிடம் மருந்து இல்லை. ஊரில் நின்று பேச வேண்டிய அமைப்பின் வேலை அது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் இதிலிருந்தே வருகிறது. 147இல் உள்ள அந்த விலக்கை நீக்கச் சொல்லி ஒன்றிய அரசிடம் கேட்பது நீண்ட போராட்டம். மாநில அரசால் இன்றே செய்யக்கூடியவை இருக்கின்றன. மானியத்தில் டிராக்டர் வாங்குபவரிடமும் தாட்கோ கடனில் வண்டி வாங்குபவரிடமும், டிரெய்லருக்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்துப் பாலிசி எடுக்கச் சொல்லி, அந்தக் கூடுதல் பிரீமியத்தை மானியத்திலேயே சேர்க்கலாம். கட்டணமில்லாப் பேருந்துத் திட்டம் பெண்களுக்குப் பெரிய விடுதலை என்பதை நாம் மறுக்கவில்லை. நடவும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் அதில் ஒரு பேருந்து காலை ஐந்து மணிக்குக் காலனி வழியாகப் போனால் எத்தனை பேர் பெட்டியில் ஏறாமல் இருப்பார்கள்!

அதுவரை நம் கையில் இருக்கும் வேலை சிறியது. நம் காலனியிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் வண்டிகள் ஐந்தோ ஆறோ இருக்கும். அவற்றின் ஆர்.சி. புத்தகத்தையும் பாலிசியையும் வாங்கி அலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். முடியும் தேதி என்ன, டிரெய்லர் எண் இருக்கிறதா, 37, 39 என்ற வரிகள் இருக்கின்றனவா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இல்லாத வண்டிக்காரத் தம்பியை அழைத்துக்கொண்டு முகவரிடம் நீங்களே போங்கள். எந்த நிலக்காரருக்கு எந்த மேஸ்திரி ஆள் அனுப்புகிறார் என்பதையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.